ரொட்டி வேனுக்கு ஒரு கிளிப்

"மொதல்ல கிளிப்பு வாங்கி மாட்டு. அப்பால பெட்டிய ஏத்து" என்று வாசற்படியை மறித்துக்கொண்டாள் ஃப்ளோரன்ஸ். நாலு பேரோடு பெட்டியைத் தூக்கி வந்த இக்னேஷியஸுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பெட்டிக்குள்ளே கல்யாணக் கோட்டில் படுத்திருந்த அண்ணன் லியோனார்ட் மட்டும், பெண்டாட்டி கத்தும்போது எப்போதும் இருப்பதுபோலவே சும்மா இருந்தான்.

மணி இரண்டு. நாலுக்குக் கோயிலில் பூசை. துறைமுகக் கேண்டீனுக்குப் பதினைந்து வருஷமாக ரொட்டி ஏற்றிய தன் வேனில்தான் கல்லறைக்குப் போகவேண்டும் என்று லியோனார்ட் சொல்லிவைத்திருந்தான். அந்த வேனில் பெட்ரோல் அளவு காட்டும் முள் ஒன்று உண்டு. டேங்கின் மிதவையிலிருந்து வரும் ஒயரில் கிளிப் இல்லாததால், டேங்க் வறண்டு கிடந்தாலும் அது 'நிறைய' என்றே காட்டும். அதை நம்பி ஞாயிறுதோறும் அவனோடு எண்ணூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய ஃப்ளோரன்ஸ், பாதி ஞாயிறுகளில் பட்டுப்புடவையோடு நடுரோட்டில் வேனைத் தள்ளியிருக்கிறாள்.

"பெட்ரோல் ஊத்திக்கலாம் அண்ணி. கிளிப்பு இன்னாத்துக்கு?"

"நாளிக்கி மாத்துறேன், நாளிக்கி மாத்துறேன்னே பத்து வருசம் ஏமாத்திக்கிறாரு. இன்னிக்கி முள்ளு சரியா காட்டணும். செத்தப்புறமும் நா தள்ளணுமா?"

நேற்று சாயங்காலம் அவன் உயிர் போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திட்டிக்கொண்டேயிருந்தாள். இக்னேஷியஸுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கல்மண்டபத்தில் பழைய ஸ்பேர் விற்கும் சௌக்கத் அலி, விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த கிளிப்பா? உங்கண்ணன் வருசா வருசம் வாங்குவாரு. மறுநாளே திருப்பிக் குட்த்துடுவாரு."

"சேரலியா பாய்?"

"நல்லா சேரும். 'வூட்ல ஒம்போது பேரு பாய், அவகூட தனியா நாலு வார்த்த பேசணும்னா வண்டி நின்னாத்தான் உண்டு'ம்பாரு. ரொட்டிக் கூடைக்கு அடில ஒரு கேன் பெட்ரோலு வெச்சிருப்பாரு. அவங்க திட்டி ஓஞ்சி, சிரிச்சப்புறம்தான் வெளிய எடுப்பாராம்."

இக்னேஷியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் செத்துப்போனதே அப்போதுதான் உறைத்தது.

வேனுக்கடியில் மல்லாந்து படுத்துக் கிளிப்பை மாட்டும்போது, பக்கத்தில் காவல் நின்ற அண்ணியிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டான்.

"சரியான பேமானி" என்றாள் அவள்.

முள் பொத்தென்று அடிமட்டத்துக்கு இறங்கியது. பெட்ரோல் ஊற்றியதும் முக்காலுக்கு ஏறி நின்றது.

பூசை முடிந்து, வேன் கடலோரமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குக் கிளம்பியது. இக்னேஷியஸ் ஓட்டினான். பின்னால் பன் வாசனைக்கு நடுவே பெட்டியும் ஃப்ளோரன்ஸும். வேனுக்குப் பின்னே பாண்டுக்காரர்களும் ஜனங்களும் நடந்து வந்தார்கள்.

"நிறுத்து இக்னேஷியஸ்."

"பெட்ரோல் நெறிய கீது அண்ணி."

"தெரியும். நிறுத்து."

நிறுத்தினான். பாண்டும் நின்றது. முன்னால் ஜெபம் சொல்லி வந்த உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைத் தள்ள ஓடி வந்தார்கள்.

"யாரும் தள்ளாதீங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ். பின்கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

இக்னேஷியஸ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னான். வேனுக்குள் அவள் திட்ட ஆரம்பித்தது, அலைச் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது.