ஒன்பது மடையும் ஒரு வடிகாலும்

நன்னிலத்துக்குக் கிழக்கே கலியபெருமாள் வீட்டு மின்சார ஒயர்களில், மேட்டூர் அணை திறந்த ஒன்பதாம் நாள் காவிரித் தண்ணீர் வந்து சேரும். விளக்கும் எரியும், மின்விசிறியும் சுற்றும். ஒயரின் தோல் உரிந்த இடங்களில் மட்டும் தண்ணீர் கொட்டும். தொட்டால் ஷாக் அடிக்காது, கை நனையும். முதல் வருஷம் தெருவே வந்து பார்த்தது. இரண்டாம் வருஷம் குடத்தோடு வந்தது. மூன்றாம் வருஷம் யாரும் வரவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கலியபெருமாள் நாற்பது வருஷம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடும் வேலை பார்த்தவர். மனைவி பூவம்மாள் முன்னே நின்று கட்டிய கான்கிரீட் வீட்டுக்கு ஒயரையும் அவரே இழுத்தார். மேற்கே உயர்த்தி, கிழக்கே தாழ்த்தி, சுவரெல்லாம் சரிவாக இழுத்தார். வாய்க்காலுக்கு மடை விடுவதைப் போல ஒன்பது இடங்களில் தோலைச் சீவித் திறந்து வைத்தார். "மடை இல்லாத வாய்க்கால் எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டவர்களையே திருப்பிக் கேட்டார்.

பூவம்மாளுக்குத் தண்ணீர் கொட்டுவதில் வருத்தமில்லை. அவருடைய கவலை வேறு. முன்பிருந்த ஓட்டு வீட்டைக் கஜா புயல் ஒரே இரவில் தரையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது. காப்பீடு கிடையாது. இன்னொரு தடவை வெறுந்தரையிலிருந்து தொடங்குவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீட்டுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

ஆடியில் காப்பீட்டுக் கம்பெனி சார்பில் வீட்டைச் சோதிக்க ஜீவிதா திருவிடைமருதூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். முந்தின வருஷம் ஒரு வீட்டை வாசலில் நின்றே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அடுத்த மாதமே அந்த வீட்டின் சமையலறை எரிந்தது. அதற்குப் பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்காத ஒயருக்கு அவள் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்பது இடங்களிலும் வைத்துப் பார்த்தாள். டெஸ்டர் எரியவில்லை, சொட்டியது. 'திறந்த ஒயர், ஒன்பது இடம். ஈரம், ஒன்பது இடம்' என்று எழுதினாள்.

"ஷாக்கே அடிக்கலியே பாப்பா," என்றார் பூவம்மாள்.

"அதை எழுத ஃபாரத்துல எடமில்லம்மா. தொறந்திருக்கா, மூடியிருக்கா, அவ்ளோதான்."

"தை மாசம் தண்ணி நின்னுடும். அப்ப வந்து பாருங்களேன்," என்றார் கலியபெருமாள்.

"ஆமா, பொயல் தை வரைக்கும் ஒக்காந்திருக்கும் ஒங்களுக்காக," என்று மனைவி அவர் வாயை அடைத்தார்.

எலக்ட்ரீஷியன் ஹபீப் முகம்மது வந்து ஒன்பது இடத்திலும் டேப் சுற்றினார். ஆவணியில் ஜீவிதா மறுபடி வந்து எட்டாவது இடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது முதல் இடம் உடைத்துக்கொண்டது. ஃபைல் நனைந்தது, ஒரு சிறு கெண்டை அவள் செருப்பருகே விழுந்து துள்ளியது. ஹபீப் முகம்மது ஒயரைப் பைப்புக்குள் விட்டுப் பார்த்தார். பைப் பூசணிக்காயாக வீங்கியது. ஜீவிதா கையெழுத்துப் போடவில்லை. ஃபைலை மூடவும் இல்லை. புரட்டாசி கடைசி வரை தவணை கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பூவம்மாள் மேற்குச் சுவரிலிருந்து ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கூடம், அறை, சமையலறை. கிழக்குச் சுவரில் கடைசி பிளக் பாயிண்டோடு ஒயர் முடிந்திருந்தது. அப்பால் ஒன்றுமில்லை.

"வடிகால் எங்க?" என்று கணவரைக் கேட்டார்.

கலியபெருமாள் சுவரைப் பார்த்தார். "கரண்டு எரிஞ்சு தீந்துடும்னு நெனச்சேன்."

"கேட்டீங்களா பாய்! ஊர் வயலெல்லாம் தண்ணி வடிச்சுவிட்ட மனுஷன், சொந்த வீட்டுக்கு வடிகால் வைக்க மறந்துட்டாரு!"

ஹபீப் முகம்மது சிரிக்க முடியாமல் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். கலியபெருமாள் இரண்டு நாள் கிழக்குச் சுவருக்கும் கொல்லைக்கும் நடந்து அளந்தார். மூன்றாம் நாள் உளியை எடுத்துக் கிழக்குச் சுவரைக் குடைந்து, ஒயரை வெளியே நீட்டி, கொல்லையிலிருந்த நாற்றங்காலின் வரப்பு வரை கொண்டுபோய் விட்டார். தண்ணீர் பிள்ளை விரல் கனத்தில் விழுந்து ஓடத் தொடங்கியது. வீட்டுக்குள் டேப் சுற்றிய ஒன்பது இடங்களும் அன்று மாலைக்குள் காய்ந்துவிட்டன.

புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி ஜீவிதா மூன்று மணி நேரம் சோதித்தாள். ஒவ்வொரு டேப்பையும் நகத்தால் நெருடிப் பார்த்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, கிரைண்டரையும் ஓடவிட்டுப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. கொல்லைக்குப் போய், வரப்பில் குந்தி, ஒயரின் திறந்த நுனியில் டெஸ்டரை வைத்தாள்; பிறகு கையை வைத்தாள். ஜீவிதா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுதினாள்: 'வீட்டுக்குள் திறந்த ஒயர் இல்லை. வீட்டுக்கு வெளியே வடிகால் ஒன்று. நல்ல நிலை.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனி மேலாளர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார், வடிகால் எத்தனை அடி என்று. பதினோரு அடி என்றாள். ஐப்பசி இரண்டாம் தேதி, மழை பிடிப்பதற்கு முந்தின நாள், பாலிசி தபாலில் வந்தது. கான்கிரீட் கூரை, சுவர்கள், கதவு நான்கு, கிரைண்டர் ஒன்று, வடிகால் பதினோரு அடி என்று அச்சடித்திருந்தது. பூவம்மாள் வாசலில் நின்றபடியே இரண்டு தரம் படித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நாற்றங்கால் நிறைந்திருந்தது, ஒயர்த் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திருப்ப வேண்டியிருந்தது.