கடற்சிங்கம் மறித்த நடைபாதை

ஒரு வாரமாக விடாமல் கொட்டிய மழை அன்று காலைதான் ஓய்ந்தது. தென் சிலியின் வல்திவியா ஊரில் இலையுதிர் காலத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்த வெயில் எப்போது என்று யாருக்குத் தெரியும்? ஒலாயா விறகடுப்பின் கதவைச் சாத்தினாள், மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள், சன்னலோரம் பூனை மாதிரி வெயில் காய்ந்துகொண்டிருந்த கணவர் நிபால்டோவை நாற்காலியிலிருந்து கிளப்பினாள்.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொல்லிப் பல மாதம் ஆகிவிட்டது. டாக்டர் முன்னால் நிபால்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் முட்டி வலிக்கும், அல்லது மழை வரும், அல்லது ரேடியோவில் கால்பந்து வர்ணனை வரும். இன்றைக்கு மூன்றுமே இல்லை.

ஆற்றோர நடைபாதை முழுக்க ஈர இலைகள், மஞ்சளும் செம்பழுப்புமாக, மெத்தை போட்டதுபோல் கிடந்தன. ஆறு நிறைந்து, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரை வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்து விறகுப் புகை நேராக மேலே எழும்பியது. அவ்வளவுக்குக் காற்றே இல்லை. நீளமான படகு ஒன்றில் எட்டுப் பெண்கள் துடுப்புப் போட்டுப் போனார்கள். பின்னால் மோட்டார் படகில் வந்த பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டு மட்டும் தண்ணீரில் மிதந்து கரைக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது.

நிபால்டோவோடு நடப்பது லேசான காரியமில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி டவுன் பஸ் ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அவரைத் தெரியும். சொபாய்ப்பியா பொரித்து விற்ற அம்மாள் ஒருத்தியிடம் நின்றார். பூசணி மாவு எண்ணெயில் உப்பி வருவதைப் பார்த்தபடி அவள் மருமகளின் பிரசவத்தை விசாரித்தார். தூண்டில் போட்டவனிடம் நின்றார். யாரோ ஒருவரின் நாயிடம்கூட நின்றார்.

"கிழவா, நீ நடக்க வந்தியா, ஓட்டு கேட்க வந்தியா?" என்றாள் ஒலாயா.

"நடந்துகிட்டுதானே இருக்கேன். நடுநடுவுல ஸ்டாப்பிங் வருது."

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நடப்பது என்றால் ஓரிடத்துக்குப் போய்ச் சேருவது என்று நினைப்பவள் அவள். ஆனால் வெயில் முதுகில் இதமாக ஏற ஏற, அவளுடைய நடையும் தளர்ந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கருங்கழுத்து அன்னங்கள் இரண்டு, தலையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ தேடுவதைப் பார்த்தபடி நின்றாள். நிபால்டோ பேச்சை முடித்துவிட்டு வந்து அவளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மீன் சந்தைக்குக் கொஞ்சம் முன்னால் பாதை குறுகியது. ஒரு பக்கம் ஆற்றங்கரைக் கம்பி. மறுபக்கம், கால்வாய் வேலைக்காகப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். நடுவில், பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு, ஒரு கடற்சிங்கம் படுத்துத் தூங்கியது. சந்தையில் வீசும் மீன் தலைகளுக்காக இவை ஆற்றிலிருந்து மேலேறி வருவதும், கண்ட இடத்தில் கட்டையைச் சாய்ப்பதும் ஊருக்குப் பழக்கம்தான். எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே சுற்றிப் போக வழியில்லை. சின்னக் கார் அளவுக்கு இருந்த அந்த உடம்பு மூச்சு விடும்போதெல்லாம் பக்கத்து இலைகள் எழும்பி அடங்கின.

அதற்கு அந்தப் பக்கம், கையில் மீன் பையோடு, சுனில்டா நின்றிருந்தாள்.

சுனில்டா ஒலாயாவின் தங்கை. ஆற்றுக்கு அக்கரையில், தீவில், தனியாக இருக்கிறாள். பாலத்தைக் கடந்தால் வீடு. அக்காவும் தங்கையும் பேசி நான்கு வருஷமாகிறது. தேவாலயப் பாடகர் குழுவில் சுனில்டா முன்வரிசையிலும் ஒலாயா அவளுக்கு நேர் பின்னாலும் நின்று பாடியவர்கள். ஒலாயாவின் பிறந்த நாளன்று, சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, அக்காவுக்குச் சுருதி சேராது, அதனால்தான் குழுத் தலைவர் அவளைக் கடைசி வரிசையிலேயே நிற்க வைக்கிறார் என்று சுனில்டா சொல்லிவிட்டாள். மேசையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் ஒலாயாவுக்குத் தாங்கவில்லை. அன்றோடு குழுவை விட்டாள், தங்கையையும் விட்டாள்.

நிபால்டோ தொப்பியைத் தூக்கி, சுனில்டாவிடம் சௌக்கியமா என்று கேட்டார். அவளும் அவர் முட்டியை விசாரித்தாள். ஒலாயா முறைத்த முறைப்பில் அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உட்காரக் காரணம் கிடைத்ததில் அவருக்கு வருத்தமில்லை.

"கிழவா," என்றாள் ஒலாயா, ஆற்றைப் பார்த்தபடி. "அங்க நிக்கிறவங்களுக்குப் பாலம் பக்கத்துலதான் இருக்கு. திரும்பிப் போகலாம்னு சொல்லு."

"அத்தான், நான் எதுக்குத் திரும்பணும்? முதல்ல வந்தது நான்," என்றாள் சுனில்டா.

"முதல்ல வந்தது அது," என்று நிபால்டோ கடற்சிங்கத்தைக் காட்டினார்.

யாரும் அசையவில்லை. திரும்பிப் போனால் தோற்றதாகிவிடும் என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். ஒலாயா ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தாள். இளைத்திருந்தாள். கோட்டு தோளில் தொங்கியது. தலைமுடிக்குச் சாயம் போடுவதை விட்டிருந்தாள். நரை அவளுக்குப் பொருந்தியிருந்தது. அதுவும் ஒலாயாவுக்குப் பிடிக்கவில்லை.

அப்போது கடற்சிங்கம் மூக்கை உயர்த்தியது. மீசையை ஆட்டி மோந்து பார்த்தது. பிறகு, அந்த உடம்பிலிருந்து யாரும் எதிர்பார்க்காத சுறுசுறுப்போடு, சுனில்டா பக்கம் திரும்பி முன்னங்காலை ஊன்றி எழுந்தது.

சுனில்டா பின்வாங்கினாள். ஈர இலையில் செருப்பு வழுக்கி, பலகை மறைப்பில் முதுகு மோத, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மீன் பை மடியில். இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பையைத் தூக்கிப் போடுடி!" என்று கத்தினாள் ஒலாயா.

"மாட்டேன். கொர்வினா மீனுக்கா இது!"

கடற்சிங்கம் வாயைத் திறந்து ஒருமுறை உறுமியது. அது திரும்பியதில் கம்பிப் பக்கம் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. ஒலாயா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டாள். கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு, அதன் வால் பக்கம் தாண்டி ஓடி, தங்கையின் கையிலிருந்து பையைப் பிடுங்கி, ஆற்றுக்குள் வீசினாள். பை காற்றில் சுழன்று, திறந்து, மீன் தனியாகவும் பை தனியாகவும் தண்ணீரில் விழுந்தன. படித்துறைக்காகக் கம்பியில் விட்டிருந்த இடைவெளி வழியே கடற்சிங்கம் வழுக்கிக்கொண்டு போய் ஆற்றில் பாய்ந்தது. எழும்பிய தண்ணீர் அக்கா தங்கை இருவரையும் நனைத்தது.

ஒலாயா தங்கைக்குப் பக்கத்தில் இலைமேலேயே உட்கார்ந்தாள்.

"என் மீனு," என்றாள் சுனில்டா.

"உன் காலை விட மீனு பெருசா?"

"நல்ல மீனுக்கா. சந்தை பூரா சுத்தித் தேடி வாங்கினேன்."

ஒலாயா அவள் கோட்டிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டாள். கணுக்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சுளுக்கா என்று தெரிந்துகொள்ள எழுந்து நடந்து பார்க்கச் சொன்னாள். சுனில்டா எழுந்தாள். தாங்கிக்கொள்ள அக்காவின் கை வேண்டியிருந்தது. நாலடி நடந்தார்கள். வலி இல்லை என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை. அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள், ஒலாயா வந்த வழியே, வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி. பெஞ்சில் இருந்த நிபால்டோவைத் தாண்டினார்கள். அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஓட்டியவருக்கு எங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று தெரியும்.

கொஞ்ச நேரம் வானிலை பற்றிப் பேசினார்கள். விறகு இந்த வருஷம் சரியாகக் காயவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பிறகு ஒலாயா, நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள். ஞாயிறுதோறும் தன் இடத்தில் இப்போது யார் நின்று பாடுகிறார்கள்?

"எனக்குத் தெரியாது. நானும் விட்டுட்டேன்," என்றாள் சுனில்டா.

"எப்போ?"

"நீ போன மறுமாசமே."

ஒலாயா நின்றுவிட்டாள். நான்கு வருஷமாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், மணியோசை கேட்கும்போதெல்லாம், நீல அங்கி போட்டு முன்வரிசையில் வாய் திறந்து பாடும் தங்கையை மனசுக்குள் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். அவ்வளவும் வீணா?

"ஏன் விட்டே?"

சுனில்டா கம்பியில் ஒட்டியிருந்த ஓர் இலையை உரித்து எடுத்தாள். "சுருதியில நீ எந்தப் பக்கம் தப்பாப் போறியோ, அதுக்கு எதிர்ப்பக்கமா நான் கொஞ்சம் இழுத்துப் பாடுவேன். ரெண்டும் சேர்ந்து சரியா வந்து உட்காரும். அத்தனை வருஷமும் அப்படித்தான் பாடியிருக்கேன். நீ போனதுக்கப்புறம் எதைப் பிடிச்சுப் பாடுறதுன்னே தெரியல. குழுத் தலைவர் என்னையும் கடைசி வரிசைக்கு அனுப்பிட்டாரு."

ஒலாயாவுக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் தோன்றியது. வந்ததென்னவோ சிரிப்பு. முதலில் மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுனில்டா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். துடுப்புப் போட்ட பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கரையைப் பார்த்துத் தாளம் தப்பினாள், ஒலிபெருக்கி அவளைப் பெயர் சொல்லித் திட்டியது.

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் சுனில்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கூடாதுதான்," என்றாள் ஒலாயா. அதற்கு மேல் அவர்கள் அதைப் பேசவில்லை.

பேசிக்கொண்டே நடந்ததில் வெகுதூரம் வந்துவிட்டார்கள். பாதையோரத்து நெடுமரங்கள் தீர்ந்து, நாணல் ஆரம்பிக்கிற இடத்தில்தான் ஒலாயாவுக்குக் கணவரின் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வேகமாகத் திரும்பி வந்தார்கள். நிபால்டோ சொபாய்ப்பியா கடையின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மோவாயில் மிளகாய்த் துவையல் ஒழுக, கடற்சிங்கத்தின் கதையைப் புதிதாக வந்த இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் கடற்சிங்கம் இன்னும் பெரிசாகியிருந்தது. பையைப் பிடுங்கி வீசியதும் அவர்தான்.

ஒலாயா கேட்டுக்கொண்டு நின்றாள். திருத்தவில்லை. கதை முடிந்ததும் கைக்குட்டையை நீட்டி, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு தங்கையிடம், மீன்தான் போய்விட்டதே, மதியத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். வீட்டில் ஒன்றுமில்லை, ரொட்டி இருக்கும் என்றாள் சுனில்டா.

"நேத்து வச்ச பருப்பு இருக்கு. வர்றியா?"

"பருப்பு எனக்கு வயித்துல நிக்காதுக்கா. உனக்குத் தெரியுமே."

"தெரியும். வர்றியா?"

சுனில்டா பாலத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். மேற்கே சாம்பல் நிறமாக ஏதோ திரள ஆரம்பித்திருந்தது.

"கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்," என்றாள்.

மூன்று பேரும் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொள்வதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று ஒலாயா அவசரப்படுத்தினாள். அதற்குள் நிபால்டோ தூண்டில்காரனிடம் நின்றுவிட்டார்.