வட்டத்தில் விட்ட மாமா

கதவு மூடிய பிறகுதான் சுண்டு திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே இறங்கியிருக்க வேண்டிய மாமா, டிராமுக்குள் ஜன்னல் ஓரமாக, வாய் லேசாகத் திறந்திருக்க, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

வேறு யார் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, இவர் தொலையக் கூடாது. ஒரு பருவம் படிக்கத்தான் சுண்டு இந்தப் பெரிய நகரத்துக்கு வந்திருந்தாள். இன்னொரு பருவமும் தங்கலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. பம்ப் செட் வியாபாரியான தன் தம்பி தொழில் விஷயமாக அங்கே போகிறான், ஒரு நாள் அவளோடு சுற்றிப் பார்க்கட்டும், பெண் தனியாகச் சமாளிக்கிறாள் என்று அவன் வாயால் சொன்னால் இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள். ஆக, மேற்பார்வை பார்க்க வந்தவரையே சுண்டு தொலைத்திருந்தாள்.

போனில் கூப்பிடவும் வழியில்லை. காலையிலிருந்து குப்பைத் தொட்டியைக்கூட விடாமல் படமெடுத்துத் தள்ளியதில், மாமாவின் போன் மத்தியானமே உயிரை விட்டிருந்தது. இந்த ஊர் மொழியில் அவருக்கு நன்றி என்ற ஒரு சொல்தான் தெரியும். அதையும் எல்லாவற்றுக்கும் சொல்லிவைப்பார்.

சுண்டு நின்று யோசித்தாள். அந்த டிராம் பாதைக்குக் கடைசி நிறுத்தம் என்று ஒன்று கிடையாது. நகரத்தின் நடுப்பகுதியை வளையல் போலச் சுற்றி இரண்டு தடங்கள். ஒன்றில் வண்டிகள் வலமாகச் சுற்றும், மற்றதில் இடமாக. மாமா வலமாகப் போகிறார். அடுத்த வண்டியில் ஏறித் துரத்துவது வீண். முன்வண்டியும் பின்வண்டியும் ஒரே வேகத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றும், இடைவெளி குறையவே குறையாது. எதிர்த்திசையில் போனாலோ, அவர் இவளை நோக்கி வருவார், இவள் அவரை நோக்கிப் போவாள். பாதி வழியிலேயே சந்தித்துவிடலாம். கணக்கின் அழகில் அவளுக்குப் பயம்கூடக் கொஞ்சம் மறந்துபோனது. இடமாகப் போகும் வண்டியில் ஓடி ஏறினாள்.

கணக்கு பிசகவில்லை. ஆற்றுப் பாலத்தின் நடுவில் எதிரே ஒரு டிராம் வந்தது. ஜன்னலில் மாமா. விழித்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கையசைத்தார். பழக்க தோஷத்தில் அவளும் கையசைத்தாள். அதற்குள் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன.

எதிரெதிரே வருவது வேறு, ஒரே இடத்தில் இறங்குவது வேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். இரண்டு தடங்களுக்கும் நடுவே ஒரே மேடை. மாமா அப்படியே உட்கார்ந்திருந்தால், ஒரு சுற்று சுற்றி இந்த மேடைக்கு வருவார். இறங்கி எதிர்வண்டி பிடித்தாலும் இதே மேடைக்குத்தான் வருவார், மறுபக்கமாக. வட்டத்தில் இப்படி ஒரு சௌகரியம். ஒருவர் நின்றால் போதும், மற்றவர் எப்படிச் சுற்றினாலும் வந்து சேர்ந்தாக வேண்டும். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அவரும் எங்காவது இறங்கி இவளுக்காக நின்றுவிட்டால்? ஆளுக்கொரு மேடையில் பொழுது சாயும்வரை நிற்க வேண்டியதுதான்.

அதற்கு மேல் கணக்கு உதவாது. மாமாவைத் தெரிந்திருக்க வேண்டும். சுண்டுவுக்குத் தெரியும். கிடைத்த ஜன்னல் சீட்டை விட்டு மாமா தானாக எழுந்ததாகக் குடும்ப வரலாற்றிலேயே இல்லை. ஊருக்குப் போகும் ரயிலில் சொந்தப் பிள்ளை அழுது புரண்டு கேட்டும் கொடுக்காதவர் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவர் இறங்க மாட்டார். அந்த ஒரு நம்பிக்கையில் சுண்டு நின்றாள்.

வண்டிகள் வந்தன, போயின. ஒவ்வொன்றின் ஜன்னலிலும் யார் யாரோ. கடைசியில் அந்த வண்டி வந்து நின்றது. அதே ஜன்னல், அதே மாமா. எழுந்து வரவில்லை. உள்ளே வா என்று அவசரமாகக் கை காட்டினார். ஏறிப் பார்த்தால், வண்டி நிறையப் பேர் நின்றுகொண்டிருக்க, அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி. அதன்மேல் அவருடைய கைக்குட்டை விரித்துக் கிடந்தது.

"உக்காரு மருமகளே. பாலத்துல உன்னைப் பாத்ததுமே சீட்டு போட்டுட்டேன். ஒருத்தரும் உக்காரல. நெருங்கி வந்தா நன்றின்னு சொன்னேன், போயிட்டாங்க."

சுண்டுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பயமே இல்லையா மாமா உங்களுக்கு?"

"எதுக்கு? வழியில பாத்த மணிக்கூண்டு ரெண்டாவது தடவை வந்துச்சு. சரி, வண்டி வட்டமடிக்குது, புள்ள எங்கயாவது நிக்கும்னு உக்காந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளை, தொரத்தாம நின்னுட்டே. உன் போனைக் குடு."

அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சுண்டு காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அக்கா, இவ இன்னும் ஒரு பருவம் இருக்கட்டும். ஊரு அத்துப்படி. ஆமா, கூடவேதான் இருக்கா." மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்னை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடல."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் மறுபடி வந்தது. கதவு திறந்தது. சுண்டு மாமாவைப் பார்த்தாள். மாமா போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, ஒற்றை விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

கதவு மூடியது.