பதினைந்தே முக்கால் மணி நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தில் பிறந்தது. சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோ விமான நிலையம் சுமார் பதின்மூன்றாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினைந்தே முக்கால் மணி. படத்தில் ஒரு கோடு, வடதுருவத்துப் பனிப்பக்கமாக வளைந்து போகிறது. அதை யாராவது அப்படியே நம்பிவிட்டால்? நம்புவதற்கு ஒருத்தி வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் வெண்மதி கிடைத்தாள்.

2

தொடக்கம் ஒன்று: பனிக்கு மேலே ஒரு விமானம் தூங்கிக்கொண்டே—

வேண்டாம். அழகு ஜாஸ்தி.

தொடக்கம் இரண்டு: வெண்மதி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். டொராண்டோவில் வேலை பார்க்கும் தம்பி அன்பரசு, அப்பா சாவுக்குக்கூட வரவில்லை. அன்றைக்கு, "இனிமே நீ எனக்குத் தம்பியே இல்லடா" என்று போனை வைத்தவள் இவள்தான். அந்த வார்த்தையை இந்த மடியில் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தாள்.

இதுவே இருக்கட்டும்.

3

"வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்குக் கெளம்புறேன்க்கா" என்றான் தம்பி. வெண்மதி அந்த இணையப் பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை ராத்திரியே சென்னை! ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரை நல்ல நேரம் என்று பத்திரிகையும் அடித்துவிட்டாள்.*

(* தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க விடாதவன் நான்.)

அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. நடுவில் ஓர் ஊரில் இறங்கி, மணிக்கணக்கில் காத்திருந்து, ஞாயிறு விடியும்போதுதான் சென்னை. இதைச் சொன்னால் அக்கா மறுபடி போனை வைத்துவிடுவாளோ என்று பயந்து, "வந்துடுறேன்க்கா" என்றான் அந்த மடையன்.

சனிக்கிழமை முழுக்க அவள் விரல் அந்தக் கோட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பூ கட்டும்போது அவன் பனிக்கு மேலே இருந்தான். பாப்பாவுக்குச் சோறூட்டும்போது இமயமலையைத் தாண்டிவிட்டான். நிஜத்தில் அவன் ஏதோ ஓர் ஊர் விமான நிலைய நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம்தான் உண்மையைச் சொன்னான். அவள் போனை வைக்கவில்லை. "பாத்து வாடா" என்றாள்.

4

ஞாயிறு, பத்து இருபது. மண்டபத்தில் ஆசாரி கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, இப்பதான் கடலூரு தாண்டுறோம்" என்றான் தம்பி, காரிலிருந்து போனில்.

"ஏம்மா, நல்ல நேரம் போவுது. அருண்பாண்டியன் ஒனக்கு ஒன்னுவிட்ட தம்பிதான, அவன் மடியில ஒக்கார வையி" என்றார் மாமியார்.

முடிவு அ: பத்தரையைப் பன்னிரண்டாக்கலாம். அடித்துத் திருத்தினேன். வெண்மதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பத்திரிகையில அச்சடிச்சாச்சு சார்."

முடிவு ஆ: அருண்பாண்டியன் சம்மணமிட்டு—

எழுத மனம் வரவில்லை.

"கடலூர்லேருந்து சிதம்பரம் எவ்ளோ நேரம்னு அந்த இணையப் பக்கத்துல போட்டுருக்கா சார்?" அழுதுகொண்டே கேட்டாள். விமானம் போகாத தூரம் அதில் இல்லையம்மா. சாதாரணமாக ஒரு மணி நேரம்.

5

பத்து இருபத்திரண்டு. நான் எழுதினால்தான் இந்த மண்டபத்தில் கடிகாரம் ஓடும். அதனால் இத்தோடு பேனாவை மூடுகிறேன். ஊசி யார் மடியில் இறங்கியது என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஏனென்றால் கடிகாரத்தைத்தான் நிறுத்தியிருக்கிறேன். காரை நிறுத்தவில்லை.