நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பிழை

பைண்டரிடம் போன புத்தகம் திரும்பி வந்திருந்தது. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். ஏழாவது வரி, கடைசி இலக்கம். ஆறு.

எட்டு இருக்க வேண்டிய இடம் அது. பழைய மடக்கை அட்டவணை, பள்ளிக்கூடத்து லாகரிதம் டேபிள். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் உலகத்துக்கே அதுதான் கால்குலேட்டர். முதல் பதிப்பில் அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் எட்டுக்குப் பதில் ஆறைக் கோத்துத் தொலைத்தான். இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டார்கள், வேறு வித்தியாசம் கிடையாது. ஆறு இருந்தால் முதல் பதிப்பு, கணிதப் புத்தகம் சேர்ப்பவர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். எட்டு இருந்தால் சீந்த ஆளில்லை.

வரிக்கு வரி கழித்துப் பார்த்து இந்த அடையாளத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான். அவள் வேலை பார்க்கும் பழைய புத்தகக் கடையின் முதலாளியான மேடம் அதை அவள் பெயர் போட்டு விற்பனைப் பட்டியலில் அச்சிட்டார். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மா பட்டியலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துவிட்டு, "தப்பு இருந்தாத்தான் மதிப்பா? அப்ப உங்கப்பாவக் கொண்டுபோய் உங்க கடைக் கண்ணாடி அலமாரில வையி" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரே வருஷத்தில் கிடைத்த மூன்றாவது முதல் பதிப்புப் பிரதி இது. "உன் கைராசி" என்றார் மேடம். அவளும் நம்பினாள்.

புதுக் கிளைக்கும் ஒன்று வாங்க வந்த நூலகர் வெளியறையில் காத்திருந்தார். முதல் பதிப்பு என்ற சான்றிதழில் அவள் கையெழுத்துதான் பாக்கி. பக்கத்தைப் புரட்டும்போது ஜன்னல் வெயில் தாளுக்குப் பின்னால் விழுந்தது. ஆறின் மேல் வலப்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். லென்ஸை வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது.

பைண்டருக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் அவள்தான் படம் எடுத்து வைப்பாள். கிழிசலுக்கும் கறைக்கும் அத்தாட்சியாக எடுப்பது, அப்போது எண்களை யார் பார்த்தார்கள்? அதைச் சரிபார்ப்பது பைண்டரிடமிருந்து வந்த பிறகுதான் என்பது மேடம் வைத்த முறை. போன வாரத்துப் படத்தைத் திறந்தாள். கொழுகொழுவென்று எட்டு. முந்தைய இரண்டு பிரதிகளின் படங்களையும் திறந்தாள். எட்டு. எட்டு.

எங்கே சுரண்ட வேண்டும் என்று பக்கமும் வரியும் போட்டுப் பட்டியலில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"முடிஞ்சுதா, கணக்கு?" மேடம் உள்ளே வந்தார். அவளை அவர் கூப்பிடுவதே அப்படித்தான்.

"இது எட்டு மேடம். பிளேடால சுரண்டியிருக்காங்க."

மேடம் பதறுவார் என்று நினைத்தாள். மேடம் கதவைச் சாத்தினார். லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"பைண்டருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. முன்ன ரெண்டும் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். மேடம் லென்ஸை மேசையில் வைத்தார்.

"ஒரே ஒரு இலக்கம்தானேம்மா. மத்த எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"என் பேர்லயா மேடம்?"

"உன் பேர்லதான். நான் வியாபாரி, நான் சொன்னா நாலு பேர் நோண்டிப் பார்ப்பான். கஷ்டப்பட்டுப் படிச்சு வந்த பொண்ண யாரு சந்தேகப்படுவா? உங்க வீட்ல வேற யாராவது இப்படி மேசைபோட்டு உக்காந்திருக்காங்களா? போடு."

ஆக, இதற்குத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அவள் பேனாவை எடுத்தாள். சான்றிதழில் 'முதல் பதிப்பு' என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினாள். 'இரண்டாம் பதிப்பு. பக்கம் 41, வரி 7: எட்டு, ஆறாகச் சுரண்டப்பட்டுள்ளது.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் எட்டிப் படிப்பதற்குள் புத்தகத்தோடு கதவைத் திறந்துகொண்டு வெளியறைக்குப் போய்விட்டாள்.

நூலகர் எழுந்தார். "வாழ்த்துகள்மா. மூணாவதும் சிக்கிடுச்சாமே?"

"மூணும் பொய் சார்."

அவர் சான்றிதழைப் படித்தார். பக்கத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வாழ்த்துச் சொன்ன சிரிப்பு இன்னும் அவர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதல்ல வித்தது உங்க நூலகத்துலதானே சார் இருக்கு?" என்றாள். "அதையும் எடுத்துட்டு வாங்க. அதோட சான்றிதழ்லயும் என் கையெழுத்து இருக்கு. அடிச்சுத் திருத்தித் தரேன்."