பின்கதவுத் தாழ்ப்பாள்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறுவருஷம், காஜா பெராங் பகுதியில் கமலவேணி தன் வீட்டிலேயே ஒளிந்து நடக்கத் தொடங்கினாள். கணவர் ராஜரத்தினம் இறந்த பின் வீட்டின் நடுவே பலகை அடித்து, முன்பாதியை லாரி ஓட்டும் சுப்பையனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். தனியாள், பேச்சும் குறைவு. நல்ல குடித்தனம் என்றுதான் நினைத்தாள். அவனுக்கு லாரி வேலை போனது. அதோடு வாடகையும் நின்றது.

முதலில் கேட்டபோது, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்க்கா" என்று சிரித்தான். மறுபடி கேட்டபோது சிரிக்கவில்லை. கிணற்றடியில் குந்திப் பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன், தலை நிமிராமல், "புல்லு வெட்டப் போறேன்" என்றான். அவள் கேட்டது அதை அல்ல.

அதற்குப் பிறகு அவன் வெளியே போனால்தான் அவள் தண்ணீர் இறைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இவள் கை கரண்டியோடு நின்றுவிடும். சத்தமே கேட்காத நாள் இன்னும் மோசம்.

புக்கிட் பாருவிலிருந்து வந்த அக்கா பாக்கியலட்சுமிதான் திட்டினாள். "வீடு உன்னோடது. நீ ஏன் பதுங்குற? கோர்ட்டுக்குப் போ."

போனாள். காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது.

கோர்ட்டு ஆள் ஒருவர் மாத்தா எனும் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்த காலையில், கமலவேணி கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கத்துவான், கை ஓங்குவான் என்று நினைத்தாள். அவனோ பாயைச் சுருட்டி, தகரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி, பாராங்கைப் பழைய பேப்பரில் சுற்றிச் செருகினான். பிறகு அவள் கதவருகே வந்தான்.

"தனியா இருக்கீங்கக்கா. பின்கதவுத் தாப்பா இத்துப்போயிருக்கு. பாத்து இருங்க லா."

"நல்ல மனுஷன்தான் போல" என்றார் கோர்ட்டு ஆள்.

கமலவேணி திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். அந்தத் தாழ்ப்பாள் அவள் அடுப்படிக்கு உள்ளே இருந்தது. சுப்பையனை அவள் ஒருநாளும் அங்கே விட்டதில்லை.

அன்றே தச்சரைக் கூப்பிட்டுப் புது இரும்புத் தாழ்ப்பாள் போட்டாள். அதன் மேலும் நம்பிக்கை வரவில்லை. அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னானோ என்னமோ" என்றாள் பாக்கியலட்சுமி.

"இருக்கலாம்" என்றாள் கமலவேணி.

சுப்பையன் தொலைவில் குளுவாங் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். அதற்குள் வீட்டை அவள் கிடைத்த விலைக்கு விற்றிருந்தாள்.