நடுவில் சேர்த்த பத்தி

இப்போதெல்லாம் யாருக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை கிடையாது. தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். காலையில் கடையில் டயரைக் கழற்றிப் போட்டவன் ஒருத்தன், "பெருசுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல" என்றான். மனசா, முதுகுப் பிடிப்பா என்று கேட்டால் வாய் தேய்ந்தா போய்விடும்? பஞ்சர்காரர் இதை முனகிக்கொண்டேதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்.

உள்ளே நாற்காலி நுனியில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தான். அவர் கடையிலேயே டியூப் ஒட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் கிளம்பிப் போய் எதிர்ச்சாரியில் தனிக்கடை போட்டவன். அன்றைக்கு நின்ற பேச்சு. தெருவுக்கு அந்தப் பக்கம் அவன் தலை தெரிந்தால் இந்தப் பக்கம் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றடிப்பார். இப்போது அவன் மடியில் ஒரு வாரப் பத்திரிகை. கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, இவ்ளோ வருஷமா மனசுல வெச்சிட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"எத வெச்சிட்டு இருந்தேன்?"

"அதான் உங்க பொண்ணு எழுதியிருக்கே."

மகள் சமையலறை வாசலில் நின்றாள். கதை எழுதுகிறாள், அதுவும் அப்பாவின் கடையைப் பற்றி என்பது அவருக்குத் தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகையை வாங்கி, எழுத்துக் கூட்டி, விரலை ஓட்டிப் படித்தார். கடை அப்படியே இருந்தது. விளிம்பு நசுங்கிய தண்ணீர்த் தொட்டி, டியூபை அமுக்கினால் ஓட்டையிலிருந்து கிளம்பும் குமிழி, ஆணியில் தொங்கும் பழைய டயர்கள். பேச்சும் அச்சு அசல். "போறதுதான் போற, ஷட்டரப் பாதி எறக்கிட்டுப் போ. வெயில் அடிக்குது." தம்பி கிளம்பிய அன்றைக்கு அவர் சொன்னது அது ஒன்றுதான். பரவாயில்லையே என்று நினைத்தார்.

அடுத்த பத்தியில் விரல் நின்றது. போகாதேடா என்று சொல்ல முடியாமல் அவருக்குத் தொண்டை அடைத்ததாம். நாலு பேர் முன்னால் அவனைத் திட்டியதெல்லாம் தன் தப்புதான் என்று நெஞ்சு அறுத்ததாம்.

"இத யாரு நெனச்சது?"

"பத்திரிகைக்காரர் மொதல்ல திருப்பி அனுப்பிட்டாருப்பா. கடை கண்ணு முன்னாடி நிக்குது, பேச்சும் காதுல விழுது, ஆனா ஆளோட மனசே இல்லையே, மூணும் சமமா வந்தாத்தான் கதைன்னாரு."

"அதனால எடை கொறஞ்ச பக்கம் கல்லப் போட்டுட்ட. கடையப் பாத்து எழுதின, சரி. பேச்சக் கேட்டு எழுதின, சரி. இத எங்க பாத்த?"

"நீங்க அப்படித்தான் நெனச்சிருப்பீங்கன்னு..."

"என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

அவர் பத்திரிகையைத் தம்பியின் மடியில் திரும்பப் போட்டார். குமிழி வராத இடத்தில் எவனாவது ஒட்டுப் போடுவானா? சொந்த மகளே அவரை வாய் திறக்காமலே மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டாள். அதுவும் யாரிடம்!

"அண்ணே, நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்," என்று தம்பி அவர் கையைப் பிடித்தான். அவன் தலையும் நரைத்திருந்தது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சும்மா இருந்தால் போதும்; தம்பி சாப்பிட்டுவிட்டுப் போவான், நாளைக்கும் வருவான்.

"நான் அப்படி நெனக்கலடா," என்றார்.

கை விலகியது. தம்பி பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"சரி. அப்ப என்னதான் நெனச்சீங்க?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தன் கேட்டேவிட்டான். அவர் தேடிப் பார்த்தார். பாதி இறங்கிய ஷட்டர் வந்தது. வியர்வையில் முதுகோடு ஒட்டிய தம்பியின் சட்டை வந்தது. அதற்கு மேல் எதுவும் கைக்கு அகப்படவில்லை.

"வெயில் அடிச்சுது," என்றார்.

"அதான் எழுதியிருக்கேப்பா," என்றாள் மகள் மெதுவாக.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். "சாப்பிட்டுப் போங்க" என்று பின்னால் மகளின் குரல் கேட்டது. திரும்பவில்லை.

"தொண்டை அடைச்சுதாம். யாருக்கு?" என்று முனகிக்கொண்டே கடையைப் பார்த்து நடந்தார்.